தினைத் தட்டில் ஒரு புதுமுகம்

வாட்ஸ்அப்பில் எனக்கு வருகிற பறவைப் படங்களில் ஒரு வகையை, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலே சொல்லிவிட முடியும். வெயில் காலத்தில் வரும். பின்னணியில் ஒரு பப்பாளி மரமோ, காய்த்த கறிவேப்பிலை மரமோ இருக்கும். காக்கையைவிடச் சற்றே மெலிந்த, நீண்ட வாலுள்ள பறவை. பழுப்பு முதுகெங்கும் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் குறுக்குக் கோடுகள். கூடவே ஒரு கேள்வி: “பருந்துக் குஞ்சா இது? எங்கள் தெருவில் இதுவரை பார்த்ததே இல்லையே!”

அது பெண் குயில். கேட்டவர் பிறந்ததிலிருந்து அதே தெருவில் குயிலோசை கேட்டு வளர்ந்தவராக இருப்பார். ஆனால் கூவுவது ஆண். கருகருவென்ற உடலும் சிவந்த கண்ணும் கொண்ட அந்த ஆணைக்கூட நம்மில் பலர் காக்கை என்று கடந்து போயிருப்போம். பெண்ணோ நீட்டிக் கூவுவதில்லை. கிளையிலிருந்து கிளைக்குத் தாவும்போது ‘கிக் கிக் கிக்’ என்று அவசரமாக ஒரு சத்தம் எழுப்பும். காதால் மட்டுமே அறிந்த பறவை ஒருநாள் பழத்தட்டில் வந்து உட்கார்ந்தால் அந்நியமாகத்தான் தெரியும்.

வீட்டுக்கு வரும் பெயர் தெரியாத பறவைகளைப் பற்றி நான் சொல்ல வருவது இதுதான்: அவற்றில் பெரும்பாலானவை அரிய பறவைகள் இல்லை. நன்றாகத் தெரிந்த பறவைகளே, நாம் கவனித்திராத உடையில் வருகின்றன. பெண், குஞ்சு, இளசு, இறகு உதிர்க்கும் பருவத்தில் இருக்கும் ஆண், நிறம் இழந்த ஒன்று, கூண்டிலிருந்து தப்பிய ஒன்று என இத்தனை சாத்தியங்களையும் தாண்டிய பிறகுதான் ‘இமயமலையிலிருந்து வழிதவறி வந்ததோ’ என்ற எண்ணத்துக்கு இடம் தரவேண்டும். நமக்கோ அந்த எண்ணம்தான் முதலில் வருகிறது. இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு, தமிழ்நாட்டில் மட்டும் 500க்கும் மேல். ஒரு சாதாரண வீட்டுத் தோட்டத்துக்கு வருபவை இதில் மிகச் சிறிய பங்கு. வழிகாட்டி நூலை முதல் பக்கத்திலிருந்து புரட்டுபவர் அந்த 1,300லும் தேடுகிறார். அப்படித் தேடினால் யாருக்கும் தலை சுற்றும்.

தேடலைச் சுருக்க ஒரு சுலபமான வழி, நாம் என்ன வைத்தோம் என்று பார்ப்பது. கம்பு, தினை, உடைத்த அரிசி வைத்தால் வருபவை தானியம் தின்னிகள்: சிட்டுக்குருவி, சில்லை, தூக்கணாங்குருவி, புறா, கிளி. வாழைப்பழமோ பப்பாளியோ வைத்தால் குயில், சின்னான், குக்குறுவான், மைனா, வால்காக்கை. மொட்டை மாடியில் மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்தாலோ கதவு எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. தானியத்தையும் பழத்தையும் தொடாத ஈப்பிடிப்பான்கள்கூடக் குடிக்கவும் குளிக்கவும் வரும். ஏப்ரல் பிற்பகலில் வல்லூறே வந்து சட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து கொள்ளும். தினைத் தட்டில் ஒரு புதுமுகம் தினையைக் கொத்திக்கொண்டிருந்தால் அது தேன்சிட்டாகவோ ஈப்பிடிப்பானாகவோ இருக்க வாய்ப்பில்லை. இந்த ஒரு வரியிலேயே புத்தகத்தின் முக்கால்வாசிப் பக்கங்கள் கழிந்துவிடுகின்றன.

அடுத்து நிறம். புதிதாகப் பறவை பார்க்கும் எவரும் முதலில் சொல்வது நிறத்தைத்தான். அனுபவசாலிகள் கடைசியாக நம்புவதும் அதையேதான். இதைப் பறவைகளிடமே கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அதுவும் தீனித் தட்டில் வைத்து.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் டேவிஸ், ஜஸ்டின் வெல்பர்கன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. பிறர் கூட்டில் முட்டையிடும் ஐரோப்பியக் குயிலுக்கு, அங்குள்ள வல்லூறைப் போலவே வயிற்றில் குறுக்குக் கோடுகள் உண்டு. இந்த ஒற்றுமை பழங்காலத்திலிருந்தே மனிதர் கண்ணில் பட்டுவந்தது. சிறு பறவைகளும் இதில் ஏமாறுகின்றனவா என்பதுதான் கேள்வி. பட்டாணிக்குருவிகள் வந்து தின்னும் தட்டுகளுக்கு அருகே, பாடம் செய்யப்பட்ட பறவைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். கள்ளிப்புறாவையும் கிளுவை வாத்தையும் வைத்தபோது குருவிகள் பெரிதாகக் கவலைப்படவில்லை. வல்லூறை வைத்ததும் அலறின, தட்டுக்கு வருவது குறைந்தது. குயிலை வைத்தபோதும் அதே அலறல்.

பிறகு வந்த கட்டம்தான் எனக்குப் பிடித்தது. குயிலின் வயிற்றுக் கோடுகள் தெரியாதபடி செய்ததும் குருவிகள் அதைப் புறாவைப் போலவே நடத்தின. அப்படியானால் பயத்துக்குக் காரணம் கோடுகள்தான் என்று முடிவு கட்டலாமா? முடியாது. புறாவின் வயிற்றில் கோடுகள் சேர்த்து வைத்தபோது குருவிகள் பெரிதாக மிரளவில்லை. வல்லூறின் கோடுகளை நீக்கி வைத்தபோதோ பயம் துளியும் குறையவில்லை. கோடில்லாத வல்லூறும் வல்லூறுதான், கோடு போட்ட புறாவும் புறாதான் என்று அந்தச் சின்னத் தலைகள் தீர்மானித்தன. உருவம் சந்தேகத்துக்கு இடம் தரும்போது மட்டுமே இறகின் மேல் உள்ள சித்திரத்தை அவை கணக்கில் எடுத்துக்கொண்டன.

நம் ஊரில் இதே நாடகம் வருடந்தோறும் நடக்கிறது. அக்காக்குயில் உருவத்திலும் பறக்கும் விதத்திலும், பறந்து வந்து கிளையில் அமரும் பாணியிலும்கூட வல்லூறை உரித்து வைத்தது போலிருக்கும். அது தோட்டத்துக்குள் நுழைந்தால் தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்தித் தீர்த்துவிடும். தட்டு சட்டென்று காலியானால் மேலே பாருங்கள். உட்கார்ந்திருப்பதன் அலகு கொக்கி போல் வளைந்திருந்தால் வல்லூறு. நேராக, மெலிந்திருந்தால் அக்காக்குயில். குருவிகளுக்கு அவ்வளவு நேரம் நின்று பார்க்க வசதியில்லை, நமக்கு உண்டு.

ஆக, முதலில் அலகு. தானியம் தின்னும் பறவைக்கு விதையின் ஓட்டை நசுக்கக் குட்டையான, அடிபருத்த கூம்பு அலகு. தேன்சிட்டுக்குப் பூவுக்குள் நுழைகிற வளைந்த ஊசி. பூச்சியைக் காற்றிலேயே பிடிக்கும் ஈப்பிடிப்பானுக்கு அடிப்பகுதி அகன்ற தட்டை அலகு, ஓரங்களில் மயிர் போன்ற இறகுகள். பல்லியையும் வெட்டுக்கிளியையும் கிழிக்கும் கீச்சானுக்கு நுனியில் சிறு கொக்கி. வெளிச்சம் மாறினாலும் பருவம் மாறினாலும் அலகின் வடிவம் மாறாது. அதன் நிறம் மாறலாம், கவனம் தேவை.

அளவைச் சொல்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘ஒரு சாண் இருக்கும்’ என்று சொல்பவர்களின் கையை நான் நம்புவதில்லை. தூரத்தில் இருக்கும் பறவையின் நீளத்தை நம் கண் படுமோசமாக மதிப்பிடும். குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அதே பறவை ஒன்றரை மடங்காகத் தெரியும். பறவையியலாளர் சாலிம் அலி தன் நூல்களில் கையாண்ட முறை எளிமையானது: சிட்டுக்குருவி அளவு, சின்னான் அளவு, மைனா அளவு, புறா அளவு, காக்கை அளவு. அதற்குக் கொஞ்சம் கூடுதலா, குறைவா என்று மட்டும் குறித்தால் போதும். தீனித் தட்டில் இது இன்னும் சுலபம். புதுமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தெரிந்த முகம் நின்று தின்றுகொண்டிருக்கும்.

பிறகு நடை. சிட்டுக்குருவி இரு காலையும் சேர்த்துத் தத்தும். மைனா ஒரு காலுக்குப் பின் மறுகாலை வைத்து நடக்கும். வாலாட்டிகள் நடந்துகொண்டே வாலை மேலும் கீழும் அசைக்கும். குளிர்காலத்தில் மரநிழலுள்ள தோட்டங்களுக்கு வரும் கொடிக்கால் வாலாட்டி மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். உடம்பின் பின்பாதியே இடவலமாக அசையும். அதன் மார்பிலிருக்கும் இரட்டைக் கறுப்புப் பட்டையைக் கவனிக்கத் தவறியவர்கூட இந்த அசைவை மட்டும் சொன்னால் பெயர் வந்துவிடும்.

*

இனி, தட்டில் நிஜமாகவே தலைவலி தரும் கூட்டத்துக்கு வருவோம். தினைக்கு வரும் சின்னஞ்சிறு பழுப்புப் பறவைகள்.

ஆண் சிட்டுக்குருவியில் பிரச்சினை இல்லை. சாம்பல் உச்சி, தொண்டையில் கறுப்புத் திட்டு. அந்தக் கறுப்பும்கூட வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. புதிதாக இறகு முளைத்த சமயத்தில் தொண்டை இறகுகளின் நுனிகள் வெளிறி, அடியிலுள்ள கறுப்பை மூடியிருக்கும். மாதங்கள் போகப் போக நுனிகள் தேய்ந்து உதிர, கறுப்பு வெளியே வரும். இனப்பெருக்கக் காலத்துக்காக அது புதிய இறகு எதையும் போட்டுக்கொள்வதில்லை. பழைய இறகு தேய்வதே அலங்காரமாகிவிடுகிறது.

பெண் சிட்டுக்கு இந்த அடையாளமெல்லாம் கிடையாது. மங்கிய பழுப்பு, கண்ணுக்குப் பின்னால் வெளிறிய ஒரு கோடு, அவ்வளவுதான். சிக்கல் தொடங்குவது இங்கேதான். பெண் தூக்கணாங்குருவியும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆண் தூக்கணாங்குருவி மழைக்காலத்தில் தலையில் மஞ்சள் தொப்பியும் முகத்தில் கரும்பழுப்பு முகமூடியுமாகக் கூடு பின்னும்போது யாருக்கும் குழப்பம் வராது. கூடு கட்டும் காலம் முடிந்ததும் அதுவும் மஞ்சளைத் துறந்து பெண்ணைப் போலாகிவிடும். வருடத்தின் பாதியில் பார்த்தால் அந்தக் கூட்டம் முழுவதுமே ‘பெண் சிட்டுக்குருவிகள்’. பிரித்தறிய அலகையும் வாலையும் பாருங்கள். தூக்கணாங்குருவியின் அலகு இன்னும் தடித்த கூம்பு, வால் கட்டையானது, புருவத்தின் மேலுள்ள கோடு மஞ்சள் கலந்த பழுப்பு. பெண் சிட்டுகள் மட்டுமே பத்து இருபதாகக் கூடி, கூடவே ஓர் ஆண்கூட இல்லாத காட்சியைப் பார்த்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது ஆள் சில்லை. வளர்ந்த புள்ளிச் சில்லையின் வயிற்றில் மீன்செதில் போன்ற கோலம். வெண்தொண்டைச் சில்லைக்கு வெளிறிய உடலும் கூரான கறுத்த வாலும். கருந்தலைச் சில்லைக்குப் பெயரே போதும். ஆனால் இவற்றின் இளசுகளுக்கோ கோலமும் கிடையாது, கறுப்பும் கிடையாது. புள்ளிச் சில்லையின் இளசும் கருந்தலைச் சில்லையின் இளசும் வெறும் பழுப்புப் பறவைகள். தனியாக வந்தால் நெடுநாள் பறவை பார்ப்பவர்களையும் திணறடிக்கும். பெற்றோர் உடனிருந்தால் பிழைத்தோம்.

நான்காவது ஆள் ஒரு சரித்திர நாயகன். மஞ்சள் தொண்டைச் சிட்டு. சிட்டுக்குருவியைவிட மெலிந்த அலகு, இறக்கையில் வெள்ளைப் பட்டைகள், ஆணுக்குத் தோளில் செம்பழுப்பு, தொண்டைக்குக் கீழே ஒரு விரல் மஞ்சள். தூரத்தில் பார்த்தால் இதுவும் பெண் சிட்டுதான். பம்பாயில் ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் குருவி சுட்டுக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்த ஒன்றின் தொண்டையில் இந்த மஞ்சள் கறையைக் கண்டு திகைத்தான். மாமா அமிருதீன் தயாப்ஜிக்கும் அது என்னவென்று தெரியவில்லை. 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். அங்கே கௌரவச் செயலராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்ட் பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இழுப்பறைகளைத் திறந்து பாடம் செய்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. 1985இல் வந்த தன்வரலாற்று நூலின் தலைப்பில்கூட அந்தக் குருவியின் வீழ்ச்சியைத்தான் வைத்தார்.

இந்தக் கதையை எல்லோரும் ஒரு மேதையின் தொடக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்தும். அக்காலத்தில் பறவையின் பெயர் தெரியவேண்டுமானால் அது செத்தாக வேண்டும். நூல்கள் இறக்கையின் நீளத்தை மில்லிமீட்டரில் கேட்டன, இறகுகளின் வரிசையை எண்ணச் சொன்னன. கையில் பிணம் இல்லாதவருக்கு அந்த நூல்களால் பயனில்லை. உயிருள்ள பறவையைத் தூரத்தில் நின்றே அடையாளம் காண முடியும் என்பது பொதுமக்களிடம் பரவியதில் ஓர் அமெரிக்க ஓவியருக்குப் பெரும் பங்கு உண்டு. ரோஜர் டோரி பீட்டர்சன் என்பவர் தன் 25ஆம் வயதில், 1934இல், ஒரு கையடக்க நூல் வெளியிட்டார். ஒத்த உருவமுள்ள பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே திசை பார்த்து நிற்பது போல் வரைந்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் இடத்தில் மட்டும் சிறு கோடு போட்டுக் காட்டினார். பறவையின் முழு வர்ணனை வேண்டாம், பக்கத்து இனத்திலிருந்து அது எங்கே வேறுபடுகிறதோ அதைப் பார் என்பதுதான் அந்தக் கோடுகள் சொன்னது. எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் எழுதிய ஒரு சிறுவர் கதையில் வரும் பையன், தூரத்து வாத்துகளை அவற்றின் நிறத்திட்டுகளை வைத்துப் பிரித்தறியப் படம் வரைவான். பீட்டர்சனுக்குப் பொறி தட்டியது அங்கேதான். முதலில் அச்சிட்ட 2,000 படிகளும் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தன. இந்தியாவில் சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ நூல் 1941இல் வந்தது.

மேலே சொன்ன நான்கு பழுப்புப் பறவைகளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரைந்து பாருங்கள். ஓவியம் கோணலாக வரட்டும், பரவாயில்லை. எங்கே கோடு போடுவது என்று யோசிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

*

நிறத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இயற்பியலும் ஒரு காரணம். பறவையின் நிறம் இரண்டு வழிகளில் உண்டாகிறது. ஒன்று நிறமிகள்: கறுப்பும் பழுப்பும் மெலனினால், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பலவும் உணவிலிருந்து பெறும் கரோட்டினாய்டுகளால். அமெரிக்கத் தீனித் தட்டுகளுக்கு வரும் ஒருவகைச் செந்நிறக் குருவியில், சிவப்பாக இருக்கவேண்டிய ஆண்கள் சில சமயம் மஞ்சளாகவே வளரும். இறகு முளைக்கும் காலத்தில் தின்ற உணவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. அதைப் பார்த்து ‘புது இனம்’ என்று துள்ளியவர்கள் அங்கேயும் உண்டு.

மற்றொன்று இறகின் நுண்ணமைப்பு. மீன்கொத்தியின் நீலத்தில் நீலச் சாயம் ஏதுமில்லை. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய கட்டமைப்புகள் ஒளியைச் சிதறடித்து நீலத்தை மட்டும் நம் பக்கம் அனுப்புகின்றன. தேன்சிட்டின் மினுமினுப்பும் அப்படிப்பட்டதே. அது கோணத்தைப் பொறுத்தது. ஊதாத் தேன்சிட்டு ஆண் நிழலில் வெறும் கரித்துண்டு. வெயிலில் தலையைத் திருப்பினால் ஊதாவும் பச்சையும் தெறிக்கும். ஒரே பறவையை ஒரே நிமிடத்தில் பார்த்த இருவர் இரண்டு நிறம் சொல்வார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை.

அந்த ஊதாத் தேன்சிட்டே இன்னொரு வேடமும் போடும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் தன் கருநீல உடையை உதிர்த்துப் பெண்ணைப் போல வயிறு மஞ்சளாக மாறும். தாடையிலிருந்து வயிறு வரை நடுவே ஒரே ஒரு கருங்கோடு மட்டும் எஞ்சியிருக்கும். மாறிக்கொண்டிருக்கும் வாரங்களில் திட்டுத்திட்டாக, ஒட்டுப்போட்ட சட்டைபோலத் தெரியும். எந்தப் படப்புத்தகத்திலும் அந்த இடைநிலைகள் அத்தனையும் இருக்காது. பக்கத்திலேயே திரியும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆண் வருடம் முழுக்க ஒரே உடையில் இருப்பதால், தோட்டக்காரர்கள் இதை மூன்றாவது இனம் என்று நம்பிவிடுகிறார்கள்.

இறகு உதிர்வது இன்னும் விசித்திரமான ஆட்களை அனுப்பிவைக்கும். தலையில் ஒரு மயிர்கூட இல்லாமல், மஞ்சள் தோல் பளிச்சிட, குட்டிக் கழுகு மாதிரி ஒரு பறவை வந்தால் பதறவேண்டாம். மைனாதான். தலை இறகுகள் மொத்தமாக உதிர்ந்திருக்கலாம், உண்ணிகளின் வேலையாகவும் இருக்கலாம். நடையைப் பாருங்கள், இறக்கையை விரிக்கும்போது தெரியும் வெள்ளைத் திட்டைப் பாருங்கள். வெள்ளைக் காக்கை, வெள்ளைச் சிட்டு என்று அவ்வப்போது செய்தித்தாளில் படம் வரும். அவற்றுக்கு மெலனின் முழுவதுமாகவோ பகுதியாகவோ இறகில் படிவதில்லை. மெலனின் வெறும் நிறமி மட்டுமில்லை, இறகுக்கு உறுதியும் தருவது. நாரை, கூழைக்கடா போன்ற பல வெள்ளைப் பறவைகளின் இறக்கை நுனிகள் கறுப்பாக இருப்பதற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். வெள்ளைக் காக்கையின் இறகு சீக்கிரம் நைந்துபோகும். அலகையும் குரலையும் மட்டும் அது விட்டுக்கொடுப்பதில்லை.

பச்சையும் ரோஸுமாக மின்னும் சிட்டளவுப் பறவை தினைக்கு வந்தால் அது இன்னொரு சோகம். நாட்டுச் சில்லைகளைப் பிடித்துச் சாயம் பூசி, வெளிநாட்டுப் பறவை என்று விற்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தப்பி வந்தவை குளிக்கக் குளிக்க வெளுக்கும், அடுத்த முறை இறகு முளைக்கும்போது பழைய பழுப்பே வரும். ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நம் கடைகளில் விற்கும் ஆஸ்திரேலியச் சிறு கிளியும் இப்படித் தப்பி வந்து சிட்டுகளோடு தினை தின்னும்.

குஞ்சுகளை அடையாளம் காண்பது ஒப்பீட்டளவில் சுலபம். வாயோரத்தில் மஞ்சளோ வெளிறியதோ ஆன தடித்த சதை, குட்டை வால், இறக்கையை நடுக்கிக் கெஞ்சும் பாவனை. யார் வந்து ஊட்டுகிறார்களோ அவர்களே விடை. இந்த விதிக்கு நம் ஊரில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. காக்கை ஊட்டுவது குயில் குஞ்சாக இருக்கலாம். தவிட்டுக்குருவிகள் நாலைந்து சேர்ந்து ஊட்டும், அவற்றைவிடப் பெரிய, வயிற்றில் கோடுபோட்ட ‘குழந்தை’ அக்காக்குயிலாக இருக்கலாம். முன்பு மிரண்டு கத்திய அதே தவிட்டுக்குருவிகள்தான்.

*

இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான விருந்தாளி வரத்தான் செய்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் வாக்கில், மாடிப்படி அடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ, சின்னான் அளவில், கட்டை வாலும் உறுதியான காலுமாக, பச்சை முதுகு, நீலத் தோள், வெண்தொண்டை, செந்நிற அடிவயிறு என்று ஒரு வண்ணப் பெட்டியே வந்து ஒடுங்கி நிற்கும். ஆறுமணிக்குருவி. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருவது. இரவில் பறப்பதால் விளக்கிலும் கண்ணாடியிலும் மோதி, களைத்து, வீடுகளில் இறங்கிவிடும். தானியத்தைத் தொடாது, சருகைப் புரட்டிப் புழுவைத் தேடும். அடிபட்டதுபோல் தெரிந்தால் காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் சில மணி நேரம் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் விட்டுவிடலாம். தெளியாவிட்டால் வனத்துறையை அழைக்க வேண்டியதுதான்.

மாதம் முக்கியம் என்பதற்காக இதைச் சொன்னேன். ஜூன் மாதத்தில் சென்னையில் ஆறுமணிக்குருவி பார்த்ததாக ஒருவர் சொன்னால் நான் படம் கேட்பேன். அக்டோபரில் சொன்னால் கேட்கமாட்டேன். கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ‘இபேர்ட்’ தளமும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. 2002இல் தொடங்கியது முதல் உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் இட்ட பட்டியல்களிலிருந்து, எந்த இடத்தில் எந்த மாதத்தில் எந்தப் பறவை எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது என்பது அதற்குத் தெரியும். அதே ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி இடம், தேதி, அளவு, நிறம், செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைக் கேட்டு ஒரு சிறு பட்டியல் தரும். 2021 முதல் குரலைக் கேட்டும் சொல்கிறது. நல்ல கருவி. ஆனால் அது தருவது பரிந்துரை, தீர்ப்பு இல்லை. கரிச்சான் சில சமயம் வல்லூறின் குரலை அச்சு அசலாக எடுத்துவிடும். செயலிக்குக் காது மட்டும்தான் உண்டு.

செயலியைத் திறக்குமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதற்கும் முன்னால், பறவை நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலானோர் பறவையைக் கண்டதும் புத்தகத்துக்கோ கைபேசிக்கோ குனிகிறார்கள், நிமிரும்போது கிளை காலியாக இருக்கும். புத்தகம் பறந்து போகாது. அலகு, அளவு, நடை, முகத்திலுள்ள கோடுகள், பறக்கும்போது இறக்கையிலும் வாலிலும் தெரியும் வெள்ளை, எதைத் தின்றது, யாரோடு வந்தது என்று கிடைத்ததைக் கிடைத்தபடி கிறுக்கிவைத்தால் பிறகு நிதானமாகத் தேடலாம். பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் உலகளவில் நடக்கும் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் மொட்டை மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடம் பார்த்துப் பட்டியலிட்டால் போதும்.

அப்போது ஒரு பழுப்புச் சில்லை இளசு தனியாக வந்து உட்கார்ந்தால் என்ன எழுதுவது? ‘இபேர்ட்’ பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. இரண்டில் ஒன்று என்று தெரிந்தால் இரண்டு பெயரையும் சாய்கோடிட்டுச் சேர்த்துப் பதியலாம். அதுவும் தெரியாவிட்டால் ‘சில்லை வகை’ என்று மட்டும் பதிந்துவிட்டு அடுத்த பறவைக்குப் போகலாம். பல்லாண்டுகளாகப் பறவை பார்ப்பவர்களின் பட்டியல்களில் அந்த வரியை அடிக்கடி பார்க்கிறேன். புதிதாக வந்தவர்களின் பட்டியல்களில்தான் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு முழுப் பெயர் இருக்கிறது.